முதலில் டிஃப்ராக்கா, முதலில் துப்புரவா? நிரம்பி வழியும் சி டிரைவுக்கு நான்கு வழிகள்

சி டிரைவின் பட்டை சிவப்பாகிவிட்டது. கணினி திறந்து முடிக்கவே சில நிமிடங்கள் ஆகின்றன. போன வாரம் 20 ஜிபி காலியாக இருந்தது, இன்று பார்த்தால் 12 தான். புதிதாக எதையும் போட்ட நினைவும் இல்லை. இந்த நிலையில் கைவசம் இருக்கும் வழிகள் நான்கு. டிஃப்ராக் ஓட்டலாம் (துண்டுகளாகச் சிதறிய கோப்புகளை ஒரே தொடராக அடுக்கும் வேலை), குப்பையைக் கழிக்கலாம், விண்டோஸ் தனக்கென்று வைத்துக்கொள்ளும் பெரிய கோப்புகளுக்குக் கடிவாளம் போடலாம், அல்லது பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி மாட்டலாம். நான்கிலும் பயன் உண்டு. ஆனால் வரிசை மாறினால் ஒன்று செய்த வேலையை மற்றொன்று கெடுத்துவிடும். பலரும் முதலில் கைவைப்பது டிஃப்ராக்கில். என் கணிப்பில் அது கடைசியாக வரவேண்டியது. எஸ்எஸ்டி என்றால் நீங்களாக ஓட்டவே வேண்டாம்.

துண்டு துண்டாகச் சிதறிய கோப்பு எவ்வளவு நேரத்தைத் தின்னும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் டிஸ்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட். தேவையான இடம் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச்சுற்று, அதாவது 4.2 மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டும். முனை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு நகர இன்னும் 9 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, ஒரு துண்டுக்குப் போக 13 மில்லிசெகண்ட். 1,000 துண்டுகளாகக் கிடக்கும் 100 எம்பி கோப்புக்கு, படிக்கும் நேரத்தைத் தவிர அலைச்சல் மட்டுமே 13 விநாடி. அதே கோப்பு ஒரே தொடராக இருந்தால் விநாடிக்கு 100 எம்பி படிக்கும் டிஸ்கில் ஒரே விநாடியில் முடிந்துவிடும். எஸ்எஸ்டியில் நகரும் முனையும் இல்லை, சுழலும் தட்டும் இல்லை. அதனால் இந்தக் கணக்கு அங்கே செல்லாது.

சரி, அப்படியானால் ஹார்டு டிஸ்க் வைத்திருப்பவர் உடனே டிஃப்ராக் ஓட்டலாமே? கோப்பு ஏன் சிதறுகிறது என்று பார்த்தால் பதில் தெரிந்துவிடும். டிஸ்க் 90 சதவீதம் நிரம்பிவிட்டால் மிச்சமிருக்கும் காலி இடம் சின்னச் சின்னப் பொந்துகளாகத்தான் இருக்கும். அதில் எழுதப்படும் கோப்பு பிறக்கும்போதே துண்டாகிவிடுகிறது. டிஃப்ராக்குக்கும் கோப்புகளை நகர்த்தி அடுக்கக் காலி இடம் வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கருவி 15 சதவீதமாவது காலியாக இருக்கட்டும் என்று கேட்கும். இடமில்லாத டிஸ்கில் இரவெல்லாம் ஓடவிட்டாலும், வளரும் கோப்பு வளர்ந்துகொண்டே இருந்தால் சில நாளில் பழைய நிலைதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு, அதிகம் பேசப்படாதது. டிஃப்ராக் சில நேரம் காலி இடத்தையே குறைத்துவிடும். கோளாறு வந்தால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் ரீஸ்டோர் பாயிண்ட்டுகளுக்கு அடியில் இருப்பது நிழல் நகல் என்ற ஏற்பாடு. டிஸ்கில் ஒரு பகுதி மாறப்போகிறது என்றால், அதன் பழைய உள்ளடக்கத்தை முதலில் எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளும். இதை அது 16 கேபி கட்டங்களாகப் பார்க்கிறது. ஆனால் விண்டோஸ் டிஸ்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் முறையான என்டிஎஃப்எஸ் வழக்கமாக டிஸ்கைப் பிரித்து வைத்திருப்பது 4 கேபி கட்டங்களாக. டிஃப்ராக் ஒரு கோப்பை நகர்த்தும்போது இரண்டின் விளிம்புகளும் ஒத்துப்போகாவிட்டால், வெறும் இடமாற்றத்தையும் நிழல் நகல் ‘மாற்றம்’ என்றே எடுத்துக்கொள்கிறது. பழைய உள்ளடக்கத்தைப் பிரதி எடுக்கிறது, அதன் கோப்பு வீங்குகிறது. உச்சவரம்பைத் தொட்டதும் பழைய ரீஸ்டோர் பாயிண்ட்டுகள் ஒவ்வொன்றாக அழிந்துபோகும். வேகம் வேண்டி டிஃப்ராக் ஓட்டியவர், மறுநாள் இடமும் குறைந்து, திரும்பிப்போகும் வழியும் போய் நிற்கிறார். 16 கேபி கட்டங்களாக ஃபார்மேட் செய்தால் இது குறையும்தான். ஆனால் வீட்டுக் கணினியில் அதற்காக எல்லாவற்றையும் அழித்துத் தொடங்குவது வீண்வேலை. சிஸ்டம் ப்ரொடெக்‌ஷன் பக்கத்தில் உச்சவரம்பை நகர்த்தும் கட்டை இருக்கிறது. அதை நியாயமான அளவில் வைத்துவிட்டு, டிஃப்ராக் முடிந்தபின் புதிதாக ஒரு ரீஸ்டோர் பாயிண்ட் எடுத்தால் போதும்.

எனவே முதல் வேலை, வளர்வது எது என்று கண்டுபிடிப்பது. விண்டோஸின் செட்டிங்ஸில் உள்ள ஸ்டோரேஜ் பக்கம் வகைவாரியாக மொத்தக் கணக்கைத்தான் காட்டும். எந்தக் கோப்பு என்று தெரிய தனிக் கருவி வேண்டும். வின்டர்ஸ்டாட் என்ற கருவி ஒவ்வொரு ஃபோல்டராக நுழைந்து எண்ணுவதால் தாமதமாகும், ஆனால் வண்ணக் கட்டங்களாகப் படம் போட்டுக் காட்டும்போது பெரிய கோப்பு எது என்று கண்ணில் அறைந்தாற்போல் தெரியும். விஸ்ட்ரீ என்ற கருவி, எல்லாக் கோப்புகளின் பட்டியலையும் வைத்திருக்கும் என்டிஎஃப்எஸ்ஸின் மாஸ்டர் ஃபைல் டேபிளை நேரடியாகப் படிப்பதால் விநாடிகளில் முடித்துவிடும். நான் விஸ்ட்ரீயைத்தான் சொல்வேன். எதை ஓட்டினாலும் நிர்வாகி உரிமையோடு ஓட்டுங்கள். இல்லையென்றால் ரீஸ்டோர் பாயிண்ட்டுகள் இருக்கும் ஃபோல்டர் கணக்கில் வராமல் போகும். ஒருமுறை பார்த்துக் குறித்துவைத்து, மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள். பெரிதாக இருப்பது வேறு, வளர்வது வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

இந்த வேறுபாட்டுக்கு ஹைபர்னேட் கோப்பு நல்ல உதாரணம். திறந்திருக்கும் வேலைகளை அப்படியே டிஸ்கில் எழுதிவைத்துக் கணினியை அணைப்பதுதான் ஹைபர்னேட். விண்டோஸ் 10-இல் இயல்பாக ராமின் 40 சதவீதம். 16 ஜிபி ராம் என்றால் 6.4 ஜிபி. பெரியதுதான், ஆனால் நாளுக்கு நாள் வளராது. அதை முழுக்க நிறுத்தினால் அத்தனை இடமும் கிடைக்கும், கூடவே கணினியைச் சீக்கிரம் எழுப்பும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியும் போய்விடும். ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் அந்த இழப்பு நன்றாகவே தெரியும். பவர்சிஎஃப்ஜி கட்டளையால் ‘குறைந்த’ வகைக்கு மாற்றினால் கோப்பு 20 சதவீதத்துக்கு இறங்கும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் நிலைக்கும், ஹைபர்னேட் மட்டும் போகும். மேசைக் கணினிக்கு இந்த நடுவழியே பொருத்தம். லேப்டாப்பில் பேட்டரி தீரும் நேரத்தில் வேலையைக் காப்பாற்றுவது ஹைபர்னேட்தான் என்பதால் அங்கே கைவைக்காதீர்கள்.

ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் கூடுதல் நினைவகமாகப் பயன்படுத்தும் பேஜ்ஃபைல் கதை வேறு. இது உண்மையிலேயே வளரும். விண்டோஸே அளவைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால், விண்டோஸ் 10-இல் ராமைப்போல் மூன்று மடங்கு அல்லது 4 ஜிபி, இரண்டில் எது பெரிதோ அதுவரை போகலாம். ஆனால் டிரைவ் அளவில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாது. 256 ஜிபி டிரைவும் 16 ஜிபி ராமும் இருந்தால் 32 ஜிபி வரை. அதற்காக இதை முழுவதுமாக அணைப்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறான வழி. நினைவகம் தீர்ந்த நொடியில் புரோகிராம்கள் சேமிக்காமலே விழும், கணினி நீலத்திரையில் நின்றால் காரணம் சொல்லும் டம்ப் கோப்பும் சரியாக எழுதப்படாது. நிலையான அளவு வைப்பது அதைவிட மேல், குறிப்பாக ஹார்டு டிஸ்கில். தொடக்க அளவும் உச்ச அளவும் ஒன்றாக இருந்தால் கோப்பு நீண்டு சுருங்கிச் சிதற வழியில்லை. ஏற்கெனவே சிதறியிருந்தால் அதைத் தற்காலிகமாக நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, டிஃப்ராக் முடித்து, அப்புறம் நிலையான அளவில் புதிதாக உருவாக்குங்கள். விண்டோஸின் டிஃப்ராக் பயன்பாட்டில் இருக்கும் பேஜ்ஃபைலை நகர்த்தாது என்பதால் இந்தச் சுற்றுவழி. வேறொரு டிஸ்குக்கு மாற்றுவதும் நல்லதே, அது உண்மையிலேயே தனி டிஸ்க் என்றால். ஒரே ஹார்டு டிஸ்கின் டி டிரைவுக்கு மாற்றினால் படிக்கும் முனை இரண்டு மூலைக்கும் ஓடி ஓடி நிலைமை மோசமாகும். எஸ்எஸ்டி உள்ளவர்கள் விண்டோஸிடமே விட்டுவிடலாம். இன்னொன்று, பேஜ்ஃபைல் திடீரென்று வீங்கினால் அளவைக் கட்டுவதற்கு முன் டாஸ்க் மேனேஜரில் ‘கமிட்டட்’ எண்ணைப் பாருங்கள் (புரோகிராம்களுக்கு ஒதுக்கப்பட்ட மொத்த நினைவகம்). ஏதோ ஒரு புரோகிராம் வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தராமல் இருக்கலாம். அதை மூடினாலே பாதி வேலை முடிந்தது.

விண்டோஸ் தன் பாகங்களைச் சேர்த்துவைக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதிலுள்ள பல கோப்புகள் சிஸ்டம் ஃபோல்டரில் இருப்பவற்றோடு ஹார்டு லிங்க்கால் கட்டப்பட்டவை. ஒரே கோப்புக்கு இரண்டு பெயர். எக்ஸ்ப்ளோரர் இரண்டு முறை எண்ணிக் காட்டும். கையால் அழித்தால் விண்டோஸ் எழுந்திருக்காமலே போகலாம். டிஸ்க் கிளீனப்பில் ‘சிஸ்டம் கோப்புகள்’ பொத்தானை அழுத்திப் பழைய அப்டேட்டுகளை நீக்குவது பாதுகாப்பான வழி. விண்டோஸுடன் வரும் டிஸ்ம் என்ற கட்டளைக் கருவியின் ரீசெட்பேஸ் தேர்வு இன்னும் ஆழமாகச் சுத்தம் செய்யும், ஆனால் அதன்பின் ஏற்கெனவே போட்ட அப்டேட்டுகளைத் திரும்ப எடுக்க முடியாது. சில ஜிபிக்காக அந்த வழியை அடைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தேவையற்ற கோப்புகளை நீக்கும் ஸ்டோரேஜ் சென்ஸ் தானாக ஓடும் என்பது வசதி. ஆனால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் அது காலி செய்ய அனுமதிக்கும் ஓர் அமைப்பு உண்டு. அது அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

துப்புரவு மட்டும் போதாது என்பதற்கு விண்டோஸ் 7-இல் பலருக்கு வந்த ஒரு கோளாறைச் சொல்லலாம். அப்டேட் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கும் சிபிஎஸ் லாக் கோப்பு 2 ஜிபியைத் தாண்டி வளர்ந்துவிடும். அதைச் சுருக்கி வைக்க முயலும் கருவியால் அந்த அளவைக் கையாள முடியாது. ஒவ்வொரு தோல்விக்கும் விண்டோஸின் டெம்ப் ஃபோல்டரில் கேப் என்று தொடங்கும் பெயரில் ஓர் அரைகுறைக் கோப்பு மிஞ்சும். மறுபடி முயற்சி, மறுபடி தோல்வி. டிஸ்க் நிரம்பும்வரை ஓயாது. டெம்ப் ஃபோல்டரை மட்டும் காலி செய்தவருக்குச் சில நாளில் அதே தொல்லை திரும்பியது. விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் சேவையை நிறுத்தி, அந்த ராட்சத லாக் கோப்பையும் நீக்கியவருக்குத்தான் தீர்ந்தது. விண்டோஸ் வேகமாகத் தேட வைத்திருக்கும் அட்டவணையான தேடல் இண்டெக்ஸும் இப்படித்தான். ரீபில்டு செய்தால் இடம் திரும்பக் கிடைக்கும். ஆனால் பெரிய மெயில் பெட்டியையும் லட்சக்கணக்கான சின்னக் கோப்புகளையும் இண்டெக்ஸ் பட்டியலிலிருந்து விலக்காவிட்டால் மீண்டும் அதே உயரத்துக்கு வளரும்.

வளர்ச்சி நின்று, ஐந்தில் ஒரு பங்காவது காலியான பிறகு ஹார்டு டிஸ்கில் டிஃப்ராக் ஓட்டுங்கள். அதற்கு விண்டோஸுடன் வருவதே போதும். விஸ்டா காலத்திலிருந்து அது 64 எம்பிக்கு மேற்பட்ட துண்டுகளைச் சிதறலாகவே எண்ணுவதில்லை. அவ்வளவு பெரிய துண்டைப் படிக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் முனை நகரும் நேரம் ஒன்றுமே இல்லை என்பது காரணம். டிஃப்ராக்ளர் போன்ற தனிக் கருவிகள் அதிகச் சிவப்புக் கட்டங்களைக் காட்டி, அதிக நேரம் ஓடி, படத்தை நீலமாக்கும். வேகத்தில் அந்தக் கூடுதல் உழைப்பு தெரிவதில்லை. ஒரே ஒரு பெரிய கோப்பு, உதாரணமாக வர்ச்சுவல் மெஷினின் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) டிஸ்க் கோப்பு, சிதறியிருந்தால் மட்டும் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பின் கான்டிக் கருவி உதவும்.

எஸ்எஸ்டிக்கு மாறுவதே இந்த நான்கிலும் வேகத்துக்கான பெரிய பாய்ச்சல், அதில் சந்தேகமில்லை. இருக்கும் விண்டோஸை அப்படியே குளோன் செய்யப் போகிறீர்கள் (புது டிஸ்குக்கு முழுப் பிரதி எடுக்க) என்றால், வீங்கும் லாக்கும் வரம்பில்லாத ரீஸ்டோர் பாயிண்ட்டும் கூடவே வந்துசேரும். 1 டிபி டிஸ்கில் மெல்ல நிரம்பியது 256 ஜிபி எஸ்எஸ்டியில் சீக்கிரமே நிரம்பும். எனவே சுத்தம் செய்துவிட்டுக் குளோன் செய்யுங்கள். மாறிய பின் ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ அட்டவணையை அணைத்துவிட வேண்டாம். எஸ்எஸ்டி என்று தெரிந்ததும் விண்டோஸ் ட்ரிம் அனுப்பிக் கொள்ளும். எந்த இடங்கள் இனி தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை அது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. டிஸ்க் கிளிக் கிளிக்கென்று சத்தம் போட்டாலோ, ஒரு கோப்பைத் திறக்கும்போது கணினி அப்படியே உறைந்து நின்றாலோ, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற கருவியில், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைத் திறங்கள். ‘ரீஅலொகேட்டட்’ (கெட்டுப்போய் மாற்றப்பட்டவை), ‘பெண்டிங்’ (சந்தேகத்தில் இருப்பவை) செக்டார் எண்ணிக்கை பூஜ்யமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போகிறதென்றால் மந்தத்துக்குக் காரணம் சிதறல் இல்லை, டிஸ்க்கே தேய்ந்து வருகிறது. அந்த டிஸ்கில் டிஃப்ராக் ஓட்டுவது, மிச்சமிருக்கும் மூச்சையும் வாங்கும் வேலை. முதலில் போட்டோக்களையும் ஆவணங்களையும் வேறு இடத்துக்கு எடுங்கள். துப்புரவும் அளவுக் கட்டுப்பாடும் புது டிஸ்கில் பார்த்துக்கொள்ளலாம்.