பிளாடர் வலிக்கு ரப்பர் ஹாட் வாட்டர் பேக் (2 லிட்டர்): 4 ஸ்டார்

இந்த பேக்கை நிறைய பேர் இடுப்பு வலிக்கும் பீரியட்ஸ் வலிக்கும் வாங்குவாங்க, நான் வாங்கினது இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைடிஸுக்கு, அதாவது பிளாடர்ல (சிறுநீர்ப்பையில) நாள்பட்டு வலி குடுக்கற நோய்க்கு. யூரின் கல்ச்சர் டெஸ்ட் எடுத்தா கிருமியே இருக்காது, ஆனா யூரின் சேர சேர அடிவயித்துல எரிச்சலும் வலியும் ஏறிக்கிட்டே போகும், போயிட்டு வந்து படுத்தா திரும்பவும் ஆரம்பிச்சிடும், இது இருக்கறவங்களுக்கு ராத்திரி ஒரு மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்குறதே பெரிய விஷயம்.

அந்த தூக்கத்தை இந்த பேக் குடுக்குது, அதுக்காக தான் இவ்வளவு எழுதறேன். மூணுல ரெண்டு பங்கு தண்ணி ஊத்தி, வாய் வரைக்கும் தண்ணி ஏறுற மாதிரி லேசா அமுக்கி காத்தை வெளிய விட்டுட்டு மூடினீங்கன்னா வயித்து மேல தட்டையா படிஞ்சு உக்காரும், காத்து இருந்தா உருண்டு போயிடும். தொப்புளுக்கு கீழ, காட்டன் துண்டு சுத்தி ஒரு 15, 20 நிமிஷம். வலியில நம்மள அறியாமலே இறுக்கி வச்சிருக்கற இடுப்புத்தசை அப்படியே தளரும் பாருங்க! கரண்ட் போனாலும் கவலை இல்ல, முன்னாடி இருந்த எலக்ட்ரிக் பேக்ல அதான் பிரச்சனை.

கொதிக்கற தண்ணிய ஊத்தாதீங்க, அதை வச்சுக்கிட்டே தூங்கிடாதீங்க, சுகர்னால உணர்ச்சி கம்மியா இருக்கறவங்க ரொம்ப கவனம். தினமும் ஒரே இடத்துல சூடு பட்டா தோல்ல வலை மாதிரி பழுப்பு கலர் விழும், அப்படி தெரிஞ்சா நிறுத்திடுங்க. சிலருக்கு சூடு ஆகாது, ஐஸ் தான் கேக்கும், அமெரிக்க யூராலஜி சங்கத்தோட கைட்லைன்லயும் சூடு இல்லன்னா குளிர்ச்சின்னு தான் இருக்கு. அதே கைட்லைன் இந்த நோய்க்கு கெகல் எக்சர்சைஸ் (யூரினை அடக்கற இடுப்புத்தசையை இறுக்கி இறுக்கி விடறது) வேண்டாம்னு சொல்லுது, தசையை தளர்த்துற பிசியோதெரபி தான் வேணுமாம், இதை நிறைய பேருக்கு யாரும் சொல்றதில்ல.

நோயை இது குணப்படுத்தாது. காபி, தக்காளி, எலுமிச்சை, காரம் இதுல உங்களுக்கு எது ஒத்துக்கலன்னு பாத்து குறைக்கணும், டாக்டர் குடுத்த மாத்திரையை விடக்கூடாது. இந்த நோய்க்கு குடுக்கற பென்டோசான்ங்கற மருந்து சாப்பிடறவங்க கண்ணு ரெட்டினாவையும் செக் பண்ணிக்கோங்க, 2020லயே அமெரிக்காவுல அந்த மருந்து லேபிள்ல எச்சரிக்கை சேத்துட்டாங்க.

முதல்ல கொஞ்ச நாள் ரப்பர் வாடை அடிக்கும், வாய் சின்னது, புனல் இல்லாம ஊத்துனா கை சுட்டுடும். ஒரு ஸ்டார் குறைச்சது மூடிக்கு தான், உள்ள இருக்கற வாஷர் தளர்ந்தா சொட்ட ஆரம்பிக்குது, ஸ்பேர் வாஷர் ஒண்ணு கூடவே குடுத்திருக்கலாம்.