என் பழைய ஆக்டேவியா காம்பி: அலாய் வீல் வாங்கப் போய் புஷ் மாற்றிய கதை

ஸ்கோடா ஆக்டேவியா காம்பி, 2005 மாடல், 1.9 டிடிஐ டீசல். நான் மூன்றாவது ஓனர். நான்கு வருடத்துக்கு முன் வாங்கும்போது 1,84,000 கி.மீ. ஓடியிருந்தது, இப்போது 2,21,000. கோயம்புத்தூரில் எங்கே நிறுத்தினாலும் யாராவது ஒருவர் சுற்றி வந்து, "ஆக்டேவியாதானே இது, பின்னாடி ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்பார். காம்பி என்றால் ஸ்கோடாவின் எஸ்டேட் கார், அதாவது கூரை பின்கதவு வரை நீண்டு, டிக்கியும் அதற்குள்ளேயே அடங்கிய வண்டி. நம் ஊரில் அதை வாங்கியவர்களே குறைவு. டிக்கி 548 லிட்டர், பின்சீட்டை மடக்கினால் 1,512. அம்மாவின் தையல் மெஷினை மேஜையோடு ஒரே நடையில் ஏற்றி வந்த அன்றுதான் வீட்டில் இந்த வண்டியைப் பற்றிய முணுமுணுப்பு நின்றது.

போன வருடம்தான் கொஞ்சம் அழகுபடுத்தலாமே என்று தோன்றியது. 17 இஞ்ச் அலாய் வீல், தாழ்வான ஸ்பிரிங், ரீமேப் (எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றிச் சக்தி கூட்டுவது), டேஷ்போர்டில் பெரிய திரை என்று ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் நீட்டினேன். அவர் அதைப் படித்து, மடித்து, என் சட்டைப் பையிலேயே வைத்தார். அப்புறம் குனிந்து தரைவிரிப்பைக் கையால் அழுத்தினார். விரலிடுக்கில் தண்ணீர் வந்தது. "மொதல்ல இது எங்கருந்து வருதுன்னு பார்க்கலாங்க சார். வீலு எங்க போயிடப் போகுது."

பின்கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் குழாய் பானெட்டுக்குள் இருக்கும் தொட்டியிலிருந்து வண்டிக்குள்ளேயே ஓடி, கூரை வழியாக டிக்கிக் கதவுக்குப் போகிறது. முன்பு யாரோ ஸ்பீக்கர் ஒயர் இழுக்கும்போது அதன் இணைப்பைத் தளர்த்திவிட்டிருக்கிறார்கள். பின்வைப்பர் இருக்கும் பெருமையில் நான் அழுத்திய தண்ணீரெல்லாம் கார்ப்பெட்டுக்குத்தான் போயிருக்கிறது. சரிசெய்ய ஆன செலவு 300 ரூபாய். சீட்டைக் கழற்றிக் காயவைக்க மூன்று நாள்.

அடுத்து சஸ்பென்ஷன். பள்ளத்தில் இறங்கினால் "டொக்" என்று ஒரு சத்தம் முதல் நாளிலிருந்தே உண்டு, பழைய வண்டி அப்படித்தான் என்று விட்டிருந்தேன். முன்சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மைக் கழற்றியதும், அதன் மூட்டில் அதிர்வைத் தாங்கும் பின்புஷ் ரப்பரின் கிழிசலில் என் சுண்டுவிரல் உள்ளே போனது. இந்த வண்டியின் அடித்தளமும் கோல்ஃப் 4, முதல் தலைமுறை ஆடி டிடி ஆகியவற்றின் அடித்தளமும் ஒன்றே. அதனால் டிடியின் கெட்டியான பின்புஷ் இதிலும் உட்காரும், அதையே வரவழைத்தேன். இப்போது ஸ்டீயரிங் சொன்ன இடத்தில் நிற்கிறது. சாலையின் கரடுமுரடும் கொஞ்சம் கூடுதலாகக் கைக்கு வருகிறது. எனக்குப் பிடித்திருக்கிறது, மனைவிக்குப் பிடிக்கவில்லை. ஷாக் அப்சார்பர் நான்கையும் மாற்றினேன், பில்ஸ்டீன் கம்பெனியின் பி4, ஒரிஜினல் உயரத்திலேயே. நம் ஊர் ஸ்பீடு பிரேக்கருக்கும், நாலு பேரோடு டிக்கி நிறைய மூட்டை ஏற்றும் பழக்கத்துக்கும் தாழ்வான ஸ்பிரிங் ஒத்துவராது. கூலியோடு எழுபதாயிரத்தைத் தொட்டது.

டைமிங் பெல்ட் மாற்றியதற்குப் பழைய பில் எதுவும் இல்லை. இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். எனவே பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப்போடு சேர்த்து மாற்றியாயிற்று. இதை யாரும் வந்து பார்த்துப் பாராட்டப் போவதில்லை.

ஒருவழியாக வீல். போல்ட் அமைப்பு 5×100 (100 மி.மீ. விட்ட வட்டத்தில் ஐந்து போல்ட்), நடு ஓட்டை 57.1 மி.மீ. போலோ, வென்டோ வண்டிகளுக்கும் இதேதான், அதனால் தேடி அலைய வேண்டியதில்லை. 16 இஞ்சோடு நிறுத்திக்கொண்டேன். 205/55 ஆர்16 டயரின் விட்டத்துக்கும் பழைய 195/65 ஆர்15 விட்டத்துக்கும் மூன்று மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. வெள்ளி நிறம், பத்து ஸ்போக். கறுப்பு வாங்கச் சொல்லி மச்சான் ஒரு வாரம் போன் செய்தான்.

ரீமேப் வேண்டாம் என்று விட்டேன். 90 குதிரைசக்திதான், ஆனால் 1,900 ஆர்பிஎம்மிலேயே 210 நியூட்டன் மீட்டர் இழுவை வந்துவிடுகிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே ஏறிவிடுகிறேன். பழைய கிளட்சிடம் அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை. தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் மனதில் உண்டு. ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ முன்னால் நிற்கும்போது விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

காம்பிக்கு மட்டுமே உரிய பாகங்கள்தான் உண்மையான தலைவலி. முன்பாதிக்கு எல்லாம் கிடைக்கும். விரிசல் விட்ட இடது டெயில் லைட்டுக்காகச் சென்னை புதுப்பேட்டையில் ஒரு முழு நாள் அலைந்தேன். எல்லாக் கடையிலும் சாதா ஆக்டேவியாவின் விளக்கையே எடுத்து நீட்டினார்கள், அது இதில் பொருந்தாது. கடைசியில் லண்டனில் இருக்கும் பெரியப்பா மகன் அங்கே ஒன்று வாங்கி, பெரியம்மாவுக்கான இரண்டு ஸ்வெட்டருக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தான்.

பெரிய திரை இன்னும் வாங்கவில்லை. அதற்கு முன்னால் கூரைத் துணி. ஒட்டியிருந்த பஞ்சு பொடியாகி உதிர்கிறது, பின்சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போகும் மகள் தினமும் தலையைத் தட்டிக்கொண்டுதான் இறங்குகிறாள். உக்கடத்தில் ஒரு சீட் கவர்காரர் எட்டாயிரம் கேட்கிறார். பேசிக்கொண்டிருக்கிறேன்.