காரைக்குடி ஆசாரி பட்டறையில் என் ஏர் ரைபிள்

எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. அதனால் பத்து மீட்டரில் குறி பழக வேறு இடம் தேடவில்லை; பின்கட்டின் கோடிச் சுவரோரம் மணல் பெட்டி வைத்துவிட்டேன். ஸ்பிரிங் விசையால் காற்றை அழுத்திச் சுடும் என் ஏர் ரைபிள்தான் அடங்கவில்லை. ஐந்து பெல்லட் (சிறு ஈயக் குண்டு) சுட்டால் ஐந்தும் ஐந்து திசை. வாங்கிய கடையில் "பழகப் பழகச் சரியாகும்" என்றார்கள். ஓராண்டு பழகினேன்.

கடைசியில் காரைக்குடியில் ஓர் ஆசாரியிடம் கொண்டுபோனேன். பழைய பர்மாத் தேக்குக் கதவுகளைச் சீர்செய்யும் அவர், துப்பாக்கி பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இரும்புப் பாகத்தைத் தாங்கும் மரக் கட்டையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "அண்ணே, திருகுத் துளை தின்றுபோயிருக்கிறது" என்றார்.

நோய் அதுதான். பள்ளியில் அளவுகோலை மேசை விளிம்பில் அழுத்திச் சுண்டியிருப்போம். விரல் தளர்ந்தால் ஒலி மாறும். பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே, உள்ளே பாயும் பிஸ்டன் ரைபிளை உதறிவிடுகிறது. குழல் அதிர்வதை யாராலும் தடுக்க முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் போதும். கட்டைக்குள் இரும்பு நகர்ந்தால் அது நடக்காது.

இரும்பு மரத்தில் எங்கே படுகிறது என்று பார்க்க, அதில் விளக்குக்கரி பூசி, கட்டையில் வைத்து அழுத்தி எடுத்தார். கரி ஒட்டியது இரண்டே இடத்தில், அதுவும் ஒரே பக்கம். மேடுகளை உளியால் சீவினார். திருகுத் துளைகளில் பித்தளைக் குழாய்த் துண்டுகளை இறக்கினார். இனி எவ்வளவு முறுக்கினாலும் மரம் நசுங்காது. இடைவெளியை எபாக்சி பிசினால் நிரப்புமுன், இரும்பில் மெழுகு பூசச் சொன்னது நான். பூசாவிட்டால் இரும்பும் மரமும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது ஐந்து பெல்லட் துளைகளையும் ஒரு ரூபாய் நாணயம் மூடிவிடுகிறது. ஐந்தாவது சற்று விலகினால், அது என் மூச்சின் குற்றம்.

கூலி 1,400 ரூபாய், பேரம் பேசவில்லை. மூன்று நாள் என்றவர், கல்யாண வீட்டுக் கதவு வேலை குறுக்கே வந்ததால் ஒன்பது நாள் இழுத்தார். கட்டையின் இடப்பக்கம் பிசின் வழிந்த தழும்பு இருக்கிறது. வார்னிஷ் அடித்தும் மறையவில்லை. கேட்டால், கன்னத்தில் மறையும் பக்கம்தானே என்கிறார். நான் இடக்கைக்காரன் என்பதை அவர் கவனிக்கவே இல்லை.

அவரிடம் போகிறவர்கள் ரைபிளுக்குள் பெல்லட் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு கொண்டுபோங்கள். உரிமம் வேண்டிய துப்பாக்கி என்றால் அவர் வாசலோடு அனுப்பிவிடுவார்.