எலுமிச்சையும் நாரத்தையும்: பன்னிரண்டு வருட அடுப்படி அனுபவம்

எங்கள் வீட்டில் வாரத்துக்கு எட்டு, பத்து எலுமிச்சம்பழம் செலவாகும். வெயில் ஏறியதும் நாரத்தங்காயும் வந்துவிடும். ஆரம்பத்தில் நான் கிளறிய எலுமிச்சை சாதம் ஒவ்வொரு முறையும் லேசாகக் கசந்தது. பழத்தின் மேல் பழி போட்டுக் கடையை மாற்றினேன். கசப்பு மாறவில்லை. ஊரிலிருந்து வந்த அத்தை ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "சாற்றைக் கொதிக்க விடலாமா? அடுப்பை அணைச்சிட்டுப் பிழி" என்றார். தாளித்த சூட்டிலேயே சாற்றை ஊற்றிக் கொதிக்கவிட்டதுதான் தப்பு. அன்று முதல் கடலைப்பருப்பு, வேர்க்கடலை, பச்சை மிளகாய், மஞ்சள் தூள் எல்லாம் தாளித்து, உதிரியாக வடித்த சாதத்தைக் கொட்டிக் கிளறி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகே சாறு விடுகிறேன். ஒரு டம்ளர் அரிசிக்கு நடுத்தரப் பழம் இரண்டு. ரசத்துக்கும் இதே கணக்குதான், இறக்கி வைத்துவிட்டுப் பிழிய வேண்டும். மணம் அப்படியே நிற்கும், வைட்டமின் சி-யும் அவ்வளவாக வீணாகாது.

கசப்பு வர இன்னொரு வழியும் உண்டு. மூடி அழுத்திப் பிழியும் கருவி ஒன்று வாங்கினேன். கடைசிச் சொட்டு வரை வரட்டும் என்று பலம் கொண்ட மட்டும் அழுத்தினால் தோலின் எண்ணெயும் உள்வெள்ளையின் கசப்பும் சேர்ந்து இறங்கின. மேல்பூச்சும் இரண்டு வருடத்தில் உரிய ஆரம்பித்ததால் அதைத் தூக்கிப் போட்டேன். இப்போது பழத்தைப் பலகையில் உள்ளங்கையால் நன்றாக உருட்டி, குறுக்கே நறுக்கி, வடிகட்டிக்கு மேல் கையால் பிழிகிறேன். கொட்டையைச் சாற்றில் ஊற விடுவதில்லை, அதுவும் கசக்கும்.

வாங்கும்போது நிறத்தைவிடக் கனத்தைப் பாருங்கள். தோல் மெல்லிசாக, வழுவழுப்பாக, கையில் கனமாக இருப்பதில்தான் சாறு அதிகம். எங்கள் கடைக்கு வருவது பெரும்பாலும் தென்காசிப் பக்கத்துப் புளியங்குடிப் பழம். அந்த ஊருக்கு எலுமிச்சை நகரம் என்றே பெயர். 2022 கோடையில் விலை கண்டபடி ஏறியது. அதற்கடுத்த மழைக்காலத்தில் மலிவாகக் கிடைத்தபோது நிறையப் பிழிந்து ஐஸ் தட்டில் உறைய வைத்தேன். இரண்டு மாதத்தில் புளிப்பு இருந்தது, வாசம் போய்விட்டது. சாதத்துக்கு ஓடும், ஜூஸுக்கு ஆகாது. முழுப் பழத்தை ஈரமில்லாமல் துடைத்து, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைப்பதே எனக்கு ஒத்துவருகிறது. மூன்று வாரம் வாடாமல் இருக்கிறது. பிழிந்த மூடிகளை வீணாக்குவதில்லை. கல்லுப்பு போட்டு ஜாடியில் சேர்த்துக்கொண்டே வந்தால் ஊறுகாய்க்கு ஆகும்.

நாரத்தங்காய் வேறு உலகம். அங்கே கசப்புதான் ருசியே! காயை அறுந்து போகாமல் சுருள் சுருளாக நறுக்கி, இடுக்கெல்லாம் கல்லுப்பு அடைத்து, பீங்கான் ஜாடியில் மூன்று நாள் தினமும் குலுக்கி வைப்பேன். அப்புறம் பகலில் மொட்டை மாடி வெயில், ராத்திரி மறுபடி அதே உப்புத் தண்ணீர். தண்ணீர் முழுக்க இழுத்துக்கொள்ளும் வரை இப்படியே போகும். அவசரப்படவே கூடாது. ஒரு வருடம் மப்பும் மந்தாரமுமாக இருந்த வாரத்தில் போட்டுவிட்டு, இருபது காயும் பூஞ்சை பூத்துப் போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதிலிருந்து அடுத்த பத்து நாள் வெயில் அடிக்கும் என்று உறுதியானால்தான் கத்தியைத் தொடுகிறேன். அலுமினியம், பித்தளைப் பாத்திரத்தில் போடவே வேண்டாம், உப்பும் புளிப்பும் உலோகத்தை அரித்துவிடும்.

நன்றாகக் காய்ந்தது வருடக்கணக்கில் கெடாது. நிறம் கறுத்துக்கொண்டே வரும், கசப்பு மட்டுப்படும். நாலு வருடத்துக்கு முன் போட்டதில் இன்னும் அரை ஜாடி இருக்கிறது. காய்ச்சல் வந்து வாய் கசந்து கிடப்பவர்களுக்குக் கஞ்சியோடு அதிலிருந்துதான் ஒரு துண்டு கிள்ளிக் கொடுப்பேன். மற்ற நாளில் தயிர் சாதத்துக்குப் புது ஜாடி.