டேபுலேட்: வவுனியா நிமிர்ந்து நிற்கும், முல்லைத்தீவு சரியும்

"அண்ணை, டேபுலேட் போடலாமோ? தமிழ்ப் பெயர் வந்தால் கோடு வளையுதே" என்று வவுனியாவில் இருந்து ஒரு தம்பி கேட்டார்.

போடலாம். டேபுலேட் என்பது பைதான் கணினிமொழிக்கான ஒரு நூலகம்; பைதானில் இதைவிடச் சுருக்கமாக அட்டவணை கீறித் தருவது அரிது. ஒரே வரியில் வேலை முடியும். காசுக் கணக்கில் மட்டும் கவனம்: 1250000.50 என்று கொடுத்தால் அடுக்குக்குறியில் சுருக்கிவிடும், சதம் காணாமற்போகும். 'ஃப்ளோட்எஃப்எம்டி' என்ற அமைப்பில் இரண்டு தசமம் கேட்டால் சரி.

வளையும் கோடுதான் இத்தனை வருடமாகத் தீராத எரிச்சல். வன்னி மாவட்டங்கள் நாலையும் சுற்றிவரக் கோடு போடும் 'கிரிட்' பாணியில் ஒரே நிரலில் போட்டுப் பாருங்கள். வவுனியா நேராக நிற்கும். கிளிநொச்சியில் வலக்கோடு ஒரு கட்டம் இடப்பக்கம் போகும், மன்னாரில் இரண்டு, முல்லைத்தீவில் மூன்று. டேபுலேட் யூனிகோட் குறியீடுகளை எண்ணுகிறது: முல்லைத்தீவுக்கு 12. லினக்ஸின் கட்டளைத் திரையான ஜினோம் டெர்மினல் கொடுப்பதோ 9 கட்டம். 'கி'யின் உயிர்க்குறிக்குத் தனிக்கட்டம் உண்டு. 'கீ'யின் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் இல்லை. யூனிகோட் அவற்றை வேறு வகையில் சேர்த்த வினை! வவுனியாவில் புள்ளியே இல்லை, அதனால் தப்பியது.

எந்த எழுத்துக்கு எத்தனை கட்டம் என்று கணக்கிடும் 'டபிள்யூசிவித்' நூலகத்தைப் பக்கத்தில் நிறுவினால் டேபுலேட் அதன் கணக்கை எடுக்கும். 0.2.8 பதிப்பு இந்த டெர்மினலோடு ஒத்துப்போகும். 0.2.9 உயிர்க்குறியையெல்லாம் சுழியமாக்கிவிட்டது. வவுனியாவுக்கு 4 என்று எண்ணும், இதுவரை நேராக நின்ற கோடும் மூன்று கட்டம் வலப்பக்கம் ஓடும். பதிப்பைப் பூட்டி வையுங்கள். வேறு டெர்மினலில் திறந்தால் திரும்பவும் முதலில் இருந்து.

பதிப்போடு மல்லுக்கட்ட விருப்பமில்லையென்றால் தமிழ் நிரலைக் கடைசிக்குத் தள்ளி, 'கிரிட்'டை விட்டு 'சிம்பிள்' பாணியைப் போடுங்கள். வலக்கோடே இல்லை, வளைய என்ன இருக்கு? தமிழ் நடுவில்தான் வேண்டுமென்றால் அடுத்த நிரலுக்கு முன் எஸ்கேப், இடச் சதுர அடைப்பு, 24, பெரிய ஜி என்று அனுப்பினால் கேர்சர் நேரே 24ஆம் கட்டத்துக்குப் போகும். ஆனால் அந்த அட்டவணையை நீங்களே கையால் அச்சிடவேண்டும். கோப்பில் சேமித்தால் குப்பை.

தமிழ் அட்டவணைக்கு இதைப் போடுங்கோ என்று சொல்ல மனம் வரவில்லை. நான் மாறப்போவதும் இல்லை. கந்தோருக்குக் கொடுக்கிறதென்றால் பாணியை எச்டிஎம்எல் ஆக்கி பிரவுசரில் திறவுங்கள்; அங்கே முல்லைத்தீவும் நேராக நிற்கும்.