ரெடிமேட் சங்க பைலா: பதியப் போதும், நடத்தப் போதாது

பாளையங்கோட்டைப் பக்கம் பத்திர எழுத்தர்களிடம் சங்கப் பதிவுக்கான பைலா, அதாவது சங்கத்தின் நடைமுறை விதிகள், கம்ப்யூட்டரில் தயாராகவே கிடக்கும். ஊர்ப் பெயரையும் நிர்வாகிகள் பெயரையும் மாற்றி அப்போதே பிரிண்ட் எடுத்துவிடலாம். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் சேர்ந்தால் பதியலாம் என்பதால் கிராக்கிக்குக் குறைவில்லை.

பதிவாளர் திருப்பிவிடும் இடங்களை இந்த மாதிரி ஒழுங்காக அடைத்துவிடுகிறது. சங்கம் உருவான தேதி, அலுவல் நேரம், பதிவு மாவட்டம், யார் பெயரில் வழக்கு நடத்துவது எல்லாம் இருக்கும். சொந்தமாக எழுதுகிறவர்கள் அலுவல் நேரத்தை விட்டுவிட்டு இன்னொரு நடை நடப்பார்கள். நிர்வாகக் குழுவின் காலமும் சட்டம் சொல்லும் 3 ஆண்டைத் தாண்டாது.

கோளாறு தொடங்குவது கோரத்தில், அதாவது கூட்டம் செல்ல எத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற கணக்கில். "மத்தவங்களுக்குப் போட்ட மாதிரியே மூணுல ஒண்ணு போட்டுரட்டுமா அண்ணாச்சி?" என்று எழுத்தர்கள் கேட்பார்கள், தலையாட்டிவிடாதீர்கள். முன்னாள் மாணவர் சங்கத்தில் 300 பேர் என்றால் 100 பேர் வந்தாக வேண்டும். பாதிப் பேர் சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். கூட்டமே நடக்காது. கோரத்தைக் குறைத்து எண்ணிக்கையாகவே எழுதுங்கள், 25 என்று. அரை மணி நேரத்தில் அந்த 25 சேராவிட்டால் கூட்டம் எந்த நாளுக்குத் தள்ளிப்போகும், அன்று வந்தவர்களே கோரமா என்பதும் வேண்டும். தள்ளிவைத்த கூட்டத்தில் புதுப் பொருள் எடுக்கக்கூடாது என்ற வரி இல்லையென்றால், நாலு பேர் சேர்ந்து நினைத்ததை நிறைவேற்றிவிடுவார்கள். மார்ச்சில் கணக்கு முடிக்கும் சங்கம் பொதுக்குழுவை ஆடி மாதக் கோயில் கொடை விழாவை ஒட்டி வைத்தால் ஊருக்கு வந்தவர்கள் கையோடு கிடைப்பார்கள். தணிக்கைக் கணக்குக்கும் நேரம் சரியாக இருக்கும்.

வங்கிக் கணக்குக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கையெழுத்திட வேண்டும் என்றிருக்கும். ஒருவர் கோபித்துக்கொண்டால் பணம் முடங்கும். "மூவரில் எவரேனும் இருவர்" என்று மாற்றுங்கள். உறுப்பினரை நீக்கும் பத்தியில் நோட்டீஸ், விளக்கம் கேட்பது, பொதுக்குழுவில் மேல்முறையீடு மூன்றும் வேண்டும். மாதிரியில் ஒற்றை வரிதான்.

கலைப்புப் பத்தியையும் படியுங்கள். மீதச் சொத்து உறுப்பினர்களுக்கே என்றிருந்தால் வரிவிலக்குப் பேச்சே எடுக்க முடியாது. இதே நோக்கமுள்ள வேறு அமைப்புக்குப் போகும் என்று இருக்க வேண்டும். ஒரு சாதிக்கு மட்டுமான நலச் சங்கத்துக்கு, நன்கொடை கொடுப்பவருக்கு வருமானவரிச் சலுகை தரும் 80ஜி அங்கீகாரம் பொதுவாகக் கிடைக்காது.

பதிந்த பிறகு மாற்றுவது லேசல்ல. 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, வந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு வாக்கோடு சிறப்புத் தீர்மானம் போட்டு, மறுபடி பதிவாளரிடம் போக வேண்டும். பைலாவை வாங்கும்போதே அதன் கம்ப்யூட்டர் கோப்பையும் யூனிகோடில் கேளுங்கள். பழைய எழுத்துருவில் அடித்தது உங்கள் கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கிலக் குறிகளாகத்தான் திறக்கும்.