மூக்குச்சளி உறிஞ்சும் குழல்: ஐந்து ஜலதோஷங்களுக்குப் பிறகு

மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. மூக்கைச் சிந்தத் தெரியாது. இந்தக் குழலை வாங்கிய பிறகு ஐந்து முறை அவளுக்குச் சளி பிடித்துவிட்டது. ஆகவே இதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி வந்துவிட்டது.

ஒரு முனையைக் குழந்தையின் மூக்குத் துவாரத்தில் வைத்து, மறுமுனையை நாம் வாயில் கவ்வி உறிஞ்ச வேண்டும். கேட்டதும் முகம் சுளித்தவர்களில் நானும் ஒருவன். சளி முன்னாலிருக்கும் பிளாஸ்டிக் கூட்டிலேயே தங்கிவிடுகிறது. தப்பி வந்தாலும் பஞ்சு வடிகட்டி பிடித்துக்கொள்கிறது. ஆனால் அந்தப் பஞ்சு வைரஸைத் தடுக்காது. மூன்றாவது முறை எனக்கும் தொற்றியது. பழியைக் குழல்மீது போட மாட்டேன்; அவள் என் முகத்திலேயே தும்முகிறவள்.

முதல் நாள் படுதோல்வி. கெட்டிச் சளி அசையவே இல்லை. பாதி வேலையைச் செய்வது அதற்கு முன் விடும் உப்புநீர்ச் சொட்டு என்பது பிறகுதான் புரிந்தது. 0.9 சதவீத சோடியம் குளோரைடு, வேறு மருந்து கலக்காதது. பக்கத்துக்கு இரண்டு சொட்டு விட்டு, தோளில் போட்டுக்கொண்டு சற்று நடந்துவிட்டு உறிஞ்சினேன். 'சர்ர்' என்ற சத்தத்தோடு சளி கயிறாக நீண்டு வந்து கூட்டுக்குள் விழுந்தது. அதுவரை இரண்டு மடக்குக்கு ஒருமுறை பாலை விட்டுவிட்டு வாயால் மூச்சு வாங்கியவள், முழுவதையும் குடித்துவிட்டு உறங்கினாள். இதற்காகவே இதை வாங்கலாம்.

பெட்டியில் 'சளியை விரைந்து குணமாக்கும்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். பச்சைப் பொய். சளி பிடிக்க வைக்கும் வைரஸ்கள் 200-க்கும் மேல்; அவற்றை எந்தக் குழலும் விரட்டாது. இரண்டு மூன்று நாள் உச்சம், ஒரு வாரம் பத்து நாளில் இறக்கம், இருமல் மட்டும் இன்னும் சில நாள். ஐந்தாம் நாள் சளி பச்சையாக மாறியதும் ஆன்டிபயாடிக் கேட்டு மருத்துவரிடம் ஓடினேன். நிறத்தை மட்டும் வைத்து அதைத் தர முடியாது, இந்த வயதில் கடையில் விற்கும் சளி மருந்தும் வேண்டாம் என்று வெறுங்கையோடு அனுப்பிவிட்டார். வேகமாக மூச்சு வாங்கினால், விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளிழுத்தால், குடிக்க மறுத்தால், சிறுநீர் குறைந்தால் மட்டும் குழலை வீசிவிட்டு உடனே வரச் சொன்னார்.

குறைகளும் உண்டு. ஆர்வக்கோளாறில் ஒரே நாளில் பத்து முறை உறிஞ்சியதில் மூக்கின் உட்புறம் சிவந்து, சளியில் இரத்தக் கீற்று தெரிந்தது. அளவு எதையும் கையேடு சொல்லவில்லை. இப்போது பாலுக்கு முன்னும் தூக்கத்துக்கு முன்னுமாக மூன்று நான்கு முறைதான். கூட்டைக் கழற்றிச் சோப்புநீரில் கழுவலாம் என்பது பெரிய ஆறுதல். முன்பு சளி உறிஞ்ச வைத்திருந்த, அமுக்கி விடும் பழைய ரப்பர் பந்தை ஒருநாள் அறுத்துப் பார்த்தபோது உள்ளே கருப்பாகப் பூஞ்சை படிந்திருந்தது. ஆனால் நீளக் குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் எளிதில் உலர்வதில்லை.

இப்போதெல்லாம் அவளே குழலைப் பிடுங்கி, கரடிப் பொம்மையின் மூக்கில் வைத்து உறிஞ்சுகிறாள். தன் மூக்கென்றால் மட்டும் சம்மதமில்லை. தலையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும். அதைப் பெட்டியில் எங்கும் எழுதவில்லை.